அந்தப் பச்சை லேண்ட் ரோவரை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள்.

போன கிழமை எங்கள் லேண்ட் ரோவரைக் கழுவி வெயிலில் நிறுத்தி ஒரு படம் போட்டிருந்தேன். மாஷா அல்லாஹ் சொன்னவர்கள் பலர். ஆனால் உள்பெட்டியில் வந்ததெல்லாம் ஒரே கேள்விதான். "சேர், உங்கட சம்பளத்துல இதெல்லாம் தேவையா? வித்துப்போட்டு ஒரு அல்டோ எடுங்களேன்." கேட்டவர்களில் இரண்டு பேர் சொந்த மச்சான்மார். நியாயமான கேள்விதான். தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை, எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வண்டி 1967ஆம் ஆண்டினது. சீரிஸ் டூ ஏ, 88 அங்குலக் குட்டை வண்டி, பெற்றோல் எஞ்சின். நான் பிறக்க முதலே வாப்பா ஒரு அரச திணைக்கள ஏலத்தில் எடுத்தது. அப்போது எங்கள் வட்டைக்குப் போகிற பாதை மாரியில் பாதையாகவே இருக்காது. விதைநெல், பசளை, வெட்டுக்காலத்தில் வேலையாட்களுக்குச் சோற்றுப் பானை, எல்லாம் இதில்தான் போகும். வேளாண்மை வெட்டி முடிந்து திரும்பும்போது நெல் மூட்டைக்கு மேலே நாங்கள் பிள்ளைகள். ஊரில் ஒரு பெண்ணுக்கு இரவில் பிள்ளை வலி வந்தாலும் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். இந்த வண்டிக்குள் பிறந்த ஒருவர் இப்போது கட்டாரில் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும்.

இதன் இலக்கத்தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து இருக்கிறது. 1957, 58 காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் எவ்வளவு போராட்டத்தைக் கிளப்பிய எழுத்து அது! இன்றைக்குப் பழைய வாகனக்காரர்கள் அதே எழுத்தைத் துடைத்துத் துடைத்துப் படம் எடுக்கிறார்கள். வரலாறு படிப்பிக்கிற நண்பரிடம் சொன்னேன், அடுத்த தவணைக்கு வண்டியைப் பாடசாலைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

இந்த வண்டி எப்படி வந்தது என்ற கதை நம் வேளாண்மைக்காரருக்குப் பிடிக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ரோவர் கம்பனியின் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸ் தன்னுடைய அங்கிள்சித் தீவுப் பண்ணையில் ஒரு பழைய அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அது போய்விட்டால் பதிலுக்கு எதை எடுப்பது என்ற யோசனையில் பிறந்ததுதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்ரடாம் கண்காட்சியில் வைத்தார்கள். போர் முடிந்த கையோடு பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியக் கலப்பில் செய்தார்கள். வறுமையில் எடுத்த முடிவு. அந்த முடிவால்தான் அறுபது, எழுபது வருட வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

ஆனால் அதற்குள்ளே ஒரு ஏமாற்றும் இருக்கிறது. உடம்புதான் அலுமினியம். அதைத் தாங்குகிற செசி இரும்பு. நான்கு தகடுகளை வெல்ட் பண்ணிப் பெட்டிபோல் செய்தது. உள்ளே வெற்றிடம். சேறும் ஈரமும் அதற்குள் போய்த் தங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். எங்கள் ஊருக்குக் கடற்காற்று வேறு. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொள்கிற இடங்களில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையத் தொடங்கும். மின்னிரசாயனக் கலம் படிப்பிக்கும்போது புத்தகப் படத்தை விட்டுவிட்டு இந்த வண்டியின் கதவடியைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். ஒரு பாடவேளையில் விளங்கிவிட்டது.

இதை எனக்கு முதலில் காட்டியவர் அம்பாறை பாஸ். அட்டாளைச்சேனைக் கல்லூரியில் பயிற்சி முடித்து முதல் நியமனம் கிடைத்த வருடம், வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடிக்கும் ஆசையோடு அவரிடம் போனேன். மனிதர் பெயின்டைப் பற்றிப் பேசவேயில்லை. சிறிய சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே படுத்தார். தட்டிக்கொண்டே போனார். டிங், டிங், டிங், பின் குறுக்குச் சட்டத்துக்கு வந்ததும் டொக். "சேர், மேலுக்குப் பூசுற காசைக் கீழுக்குப் போடுங்க" என்றார் அரைகுறைத் தமிழில். அந்த வருடம் முழுவதும் பின் சட்டத்தை வெட்டிப் புதிதாக வெல்ட் பண்ணினோம். பெயின்ட் அடித்தது நான்கு வருடம் கழித்து.

பாஸ் சிங்களவர். வாப்பாவின் காலத்திலிருந்தே பழக்கம். 2019 ஏப்ரலில் எங்கள் வண்டியின் கியர் பொக்ஸ் அவருடைய கராஜில் துண்டு துண்டாகக் கிடந்தது. அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு முந்தின வருடம் அம்பாறை நகரில் நடந்ததும் யாருக்கும் மறக்கவில்லை. போகவும் பயம், கோல் எடுக்கவும் தயக்கம். வண்டி போனால் போகட்டும் என்று உம்மா சொல்லிவிட்டார். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ பாஸே எடுத்தார். "இப்ப வராதீங்க சேர். வண்டிய உள்ளுக்குத் தள்ளி, மேலால படங்கு போட்டு மூடியிருக்கேன். நிலைமை சரியானதும் நானே சொல்றேன்." இரண்டு மாதத்துக்குப் பிறகு சொன்னார். போய்ப் பார்த்தால் கியர் பொக்ஸ் பூட்டி ஏற்றியாகிவிட்டது. சும்மா இருந்த நேரத்தில் செய்தேன் என்று கூலியில் ஒரு பகுதியை வாங்க மறுத்தார். வண்டி யாரிடம் என்று கேட்டு வந்தவர்களுக்கு என்ன சொன்னார் என்பதை இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு பழைய வண்டியைத் தனியாளாக வைத்திருக்க முடியாது. இதைத்தான் அல்டோ வாங்கச் சொல்கிறவர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். பதிவுப் புத்தகத்தில் என் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். முன் சக்கரத்து சீல் பஞ்சிகாவத்தையில் எந்தக் கடையில் கிடக்கும் என்பது கண்டியிலுள்ள ஒரு வைத்தியருக்குத்தான் தெரியும். அக்சில் முறிந்தபோது தன்னிடமிருந்ததை பஸ்ஸில் ஏற்றி அனுப்பியவர் ஹற்றனில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றுகிற ஒரு தமிழ்ச் சகோதரர். இன்றுவரை நேரில் சந்தித்ததில்லை. மூன்று மொழியும் கலந்த ஒரு வட்சப் குழுவில்தான் பழக்கம். அரசியல் பேசினால் நிர்வாகி உடனே நீக்கிவிடுவார், ஒயில் எந்தத் தடிப்பு என்பதில் மட்டும் எவ்வளவு நேரமும் சண்டை பிடிக்கலாம்.

அந்தக் குழுவில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. பழைய பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் போட்டால் அது லேண்ட் ரோவரா இல்லையா? கொழும்புக்காரர் சிலருக்கு ஒரு ஸ்குரூ மாறினாலும் வண்டி கெட்டுப்போய்விட்டது. நான் பெற்றோல்தான் ஓட்டுகிறேன், லீட்டருக்கு 6, 7 கிலோமீற்றர். 2022இல் கியூஆர் முறை வந்த காலத்தில் வண்டி பாதி நாள் கொட்டிலில்தான். ஆனாலும் டீசல் போட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மலைநாட்டிலும் சிங்கராஜப் பக்கத்திலும் கூலிக்கு ஓடுகிற வண்டிகளை இவ்வளவு காலம் இரும்புக் கடைக்குப் போகாமல் காப்பாற்றியது அந்த மலிவு எஞ்சின்கள்தான். கண்ணாடி அறைக்குள் நிற்கிற வண்டியைவிடக் கொய்யா மூட்டை ஏற்றுகிற வண்டிக்கே என் வாக்கு. எஞ்சினை மாற்றினால் பதிவிலும் மாற்றிவிடுங்கள், பிறகு விற்கும்போது அலையவேண்டி வரும்.

விலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய இரும்புக்கெல்லாம் மவுசு வந்தது. ஒருவர் வீடு தேடி வந்து சொன்ன தொகை என்னுடைய இரண்டரை வருடச் சம்பளம். அன்றிரவு மனைவியும் நானும் கணக்குப் போட்டோம். கூரை மாற்றலாம், மூத்தவளின் படிப்புக்கு வைக்கலாம். மனைவிதான் கேட்டார், "அந்த மனிசன் இத ஓட்டவா வாங்குறார்?" இல்லை. ஹோட்டல் ஒன்றின் முன்னால் நிறுத்தி வைக்க. விற்கவில்லை. கூரை இன்னும் ஒழுகுகிறது, அதையும் மறைக்கத் தேவையில்லை.

இனி, இந்தப் பதிவை எழுத வைத்த இன்னொரு விசயம். மாரி தொடங்கியதும் இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள், "சேர், உங்கட வண்டியால வெள்ளத்துக்கால போகலாம்தானே?" படத்துக்குக் கீழேயும் இருவர் எழுதியிருந்தார்கள். இதற்கு மட்டும் தெளிவாகப் பதில் சொல்கிறேன். நின்ற தண்ணீர், அடி தெரிந்த பாதை, முழங்காலளவு என்றால் மெதுவாகப் போகும். அதற்கும் ஒழுங்கு இருக்கிறது. கிளச் அறையின் அடியிலுள்ள சிறு துளையை அதற்குரிய ஆணியால் அடைக்கவேண்டும். காற்றாடி தண்ணீரை வாரி டிஸ்ரிபியூட்டரில் அடித்தால் பெற்றோல் எஞ்சின் நடுவழியில் நின்றுவிடும். வெளியே வந்தால் பிறேக் பிடிக்காது, காயும்வரை மிதித்து மிதித்துப் போகவேண்டும். பிறகு அக்சில் ஒயிலைத் திறந்து பார்த்தால் பால்போல் இருக்கும், அதையும் மாற்றவேண்டும்.

ஓடுகிற தண்ணீர் வேறு. இந்த வண்டி 1300 கிலோவுக்குச் சற்று மேல். வெள்ளத்துக்கு அது ஒரு பாரமே இல்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் என்பது சக்கரம் நிலத்தைத் தொடும்வரைதான். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரசாப் பிள்ளைகள் போன உழவு இயந்திரத்தை வெள்ளம் கொண்டுபோனதை நாம் எல்லோரும் அறிவோம். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் இதையும் வாசிக்கக்கூடும், அதனால் அதிகம் எழுதவில்லை. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. அதற்குப் பிறகும் வாகனத்தின் பெயரைச் சொல்லி வெள்ளத்தில் இறங்குவதை யாரும் வீரமாகப் பேசவேண்டாம். வாப்பா இந்த வண்டியை முப்பது வருடம் ஓட்டினார். சின்ன வயதில் ஒருமுறை வாய்க்கால் உடைத்துப் பாய்ந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தே திரும்பினார். "மனே, ரிவேர்ஸ் கியரும் கியர்தான்" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

கடைசியாக இரண்டு உதவிகள்.

ஒன்று, எந்த வீட்டின் பின்புறத்திலாவது, வட்டைக் கொட்டிலிலாவது பழைய லேண்ட் ரோவர் சாமான் ஏதும் கிடந்தால், இரும்புக்காரருக்கு நிறுத்துப் போட முதல் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எனக்குத் தேவையில்லாவிட்டாலும் குழுவில் யாருக்காவது தேவைப்படும். நியாயமான விலை வாங்கித் தருகிறேன்.

இரண்டாவது பெரிது. பாஸுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது. மகன்மார் இருவரும் கொரியாவில். சுத்தியல் சத்தத்தில் துரு எங்கே என்று சொல்கிற அந்தக் காது அவரோடு போய்விடும். ஓ எல் எழுதிவிட்டுச் சும்மா இருக்கிற, கையில் கிறீஸ் படுவதை வெட்கமாக நினைக்காத பிள்ளை ஒருவர் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் கூட்டிப்போகிறேன். பாஸிடம் பேசிவிட்டேன், சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுவந்தால் போதும் என்கிறார். வாகனம் ஓடாத சனிக்கிழமைகளில் பஸ் கூலி நான் தருகிறேன்.