சிவப்பு மியாட்டாவும் அப்பாவோட இடது கையும்

கொசுவத்தி சுத்தி ரொம்ப நாளாச்சு மக்கா. இன்னிக்கு கார் கொசுவத்தி. :-)

1999-ல் கலிஃபோர்னியா சன்னிவேல்ல வேலைக்குச் சேர்ந்து கையில நாலு டாலர் சேர்ந்ததும், நம்மாளுங்க எல்லாம் வரிசையா கேம்ரி, கொரோலான்னு வாங்கினாங்க. நான் வாங்கினது 1992 மாடல் மாஸ்டா மியாட்டா. ரெண்டே சீட்டு. ஏற்கெனவே ரெண்டு பேர் ஓட்டித் தேய்ச்சது. "மளிகை சாமானை எங்கடா வைப்ப?"ன்னு ரூம்மேட் நக்கல் விட்டான்.

ஸ்போர்ட்ஸ் கார்னதும் பறக்கும்னு நினைச்சுக்காதீங்க. 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன், அவ்ளோதான். ஃப்ரீவேல குழந்தை குட்டியோட போற வேன்காரரே நம்மளைத் தாண்டிப் போயிடுவார். ஆனா எடை சுமார் ஒரு டன்தான். இழுப்பு பின் சக்கரத்துல. மலைப்பாதையில ஸ்டீயரிங்கைத் தொட்டாலே வண்டி புரிஞ்சுக்கும். 1960-கள்ல வந்த லோட்டஸ் எலான் மாதிரி குட்டி பிரிட்டிஷ் கார்களை மனசுல வெச்சு ஜப்பான்காரங்க செஞ்ச வண்டி இது. 1989-ல் சிகாகோ கண்காட்சியில அறிமுகமாச்சு. 2016-ல் பத்து லட்சமாவது வண்டி வெளிய வந்துச்சு. லைட்டைப் போட்டா ரெண்டு கண்ணும் தவளை மாதிரி மேல எழும்பும். 1997 வரை வந்த வண்டிகள்ல மட்டும்தான் அந்த அழகு.

பழசுக்கே உரிய தொல்லைகளும் உண்டு. பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னல் மங்கிப் போயிருந்துச்சு. மழை பெஞ்சா துணிக்கூரை வழியா சரியா என் முழங்கால்ல சொட்டும்.

2001 கோடையில அப்பாவும் அம்மாவும் வந்தாங்க. அப்பா 30 வருஷம் நாமக்கல் பக்கம் பஸ் ஓட்டினவர். கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவும் அவருக்கு அத்துப்படி. நமக்குள்ள பேச்சுன்னா "சாப்டியா", "காசிருக்கா", அதோட சரி. ஃப்ரெண்டோட ஆட்டோமேடிக் கேம்ரியில ஏறினவர், "இதுல டிரைவருக்கு என்ன கண்ணு வேலை?"ன்னு கேட்டுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டார்.

ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலம் அவரை மியாட்டாவுல கூட்டிட்டுக் கிளம்பினேன். கூரை திறந்திருக்கு, பனிமூட்டம் வேற. ஸ்வெட்டர், குரங்குக் குல்லாவோட ஸ்போர்ட்ஸ் கார்ல அப்பா! உட்சைடு தாண்டி 84-ம் நம்பர் ரோட்டுல மலை ஏறினோம். வளைவு வரும்போதெல்லாம் அவரோட கால் கீழ அமுங்குது. இல்லாத கிளட்சை மிதிக்கிறார்!

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. இங்க டிரைவர் சீட்டு இடது பக்கம். அப்பா உக்காந்திருக்கறது வலது பக்கம், 30 வருஷமா உக்காந்த அதே பக்கம். கியர் ராடு அவரோட இடது கைக்குப் பக்கத்துல.

லா ஹோண்டா இறங்கினதும் ரோடு காலி. "நான் கிளட்ச் மிதிக்கறேன், நீங்க கியர் போடுங்கப்பா"ன்னேன்.

ஒரு நிமிஷம் யோசிச்சார். அப்புறம் கை தானா போச்சு. ரெண்டு, மூணு, நாலு... வெண்ணெயில கத்தி போற மாதிரி. நான் மீட்டரைப் பாக்கறதுக்குள்ள "ம்"னுவார். நான் மிதிப்பேன், அவர் போடுவார். "முள்ளைப் பாக்காத கண்ணு, சத்தத்தைக் கேளு." சான் கிரெகோரியோ கடற்கரை வர்ற வரைக்கும் ரெண்டு பேருமா சேர்ந்து ஒரு வண்டி ஓட்டினோம். அங்க நின்னு பசிபிக்கைப் பாத்தவர், பிரேக் ஃபெயிலான ஒரு ராத்திரி கொல்லிமலையில பஸ்ஸை கியர்லயே புடிச்சு இறக்கின கதையைச் சொன்னார். 26 வயசு வரைக்கும் எனக்குத் தெரியாத கதை.

2003-ல் தங்கமணி மாசமா இருந்தாங்க. ரெண்டு சீட்டு வண்டியில குழந்தை சீட்டை எங்க மாட்டறது? வித்துட்டேன். வாங்கினது ஒரு காலேஜ் பையன், ஆட்டோமேடிக் தவிர வேற தொட்டதில்ல. காலி பார்க்கிங் இடத்துல ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்து அனுப்பினேன்.

அன்னிக்கு ராத்திரி ஊருக்கு போன் பண்ணினேன். எவ்வளவுக்குப் போச்சுன்னு அப்பா கேக்கல.

"வாங்கினவனுக்கு கியர் போடத் தெரியுமா கண்ணு?"

"சத்தத்தைக் கேட்டுப் போடச் சொல்லிக் குடுத்திருக்கேங்கப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "அப்பச் சரி"ன்னு அம்மாகிட்ட போனைக் குடுத்துட்டார்.