மிரியம் ஹைட், சி ஷார்ப் மைனர்

சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் எங்கள் வீட்டில் ஒரு மாதமாக ஒரே உருப்படிதான். மகள் பியானோ தேர்வுக்காக ‘வேலி ஆஃப் ராக்ஸ்’ சாதகம் செய்துகொண்டிருந்தாள். சமையலறையில் நின்று கேட்டுக் கேட்டு, அதை எழுதிய மிரியம் ஹைட் யாரென்று தேடினேன்.

1913இல் அடிலெய்டில் பிறந்தவர். உதவித்தொகையில் லண்டன் சென்று ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் படித்தார். 1934இல், 21 வயதில், தன் முதல் பியானோ கன்செர்ட்டோவை (தனிப் பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) லண்டன் பில்ஹார்மோனிக் குழுவுடன் தானே வாசித்தார். சி ஷார்ப் மைனரில் அமைந்த இரண்டாவதையும் அங்கேயே எழுதி முடித்தார். பிறகு நாடு திரும்பி, சிட்னியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, 2005இல் மறைந்தார். அவருடைய சின்னச் சின்ன உருப்படிகள் பிள்ளைகளின் விரலில் இருக்கின்றன. கன்செர்ட்டோக்களை நான் இசைத்தட்டில்தான் கேட்டேன், மேற்கு ஆஸ்திரேலிய சிம்பனியுடன் அவரே வாசித்த பதிவு. ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினாஃபை நேசிப்பவர்களுக்கு இந்த இசை அந்நியமே அல்ல.

பின் ஏன் அவை அதிகம் மேடையேறுவதில்லை? இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்தப் பாணியே பழசென்று ஒதுக்கப்பட்டது. இன்னொன்று, இசைக்குழுவினர் பார்த்து வாசிக்கும் தாள்கள். முழு ஸ்கோர் கண்டக்டரிடம் மட்டும்தான் இருக்கும். வயலின்காரர் முன் வயலின் வரி, குழல்காரர் முன் குழல் வரி. கைப்பிரதியில் ஒரு ஸ்வரம் பிசகினால் ஒத்திகை நேரம் திருத்துவதிலேயே கரையும். தெரிந்த கன்செர்ட்டோவென்றால் டிக்கெட்டும் விற்கும், தாளும் தயார்.

இப்படி மறந்துபோன கன்செர்ட்டோக்களை லண்டனின் ஹைபீரியன் நிறுவனம் 1991 முதல் வரிசையாகப் பதிவுசெய்தது. முதல் தட்டில் வாசித்தவர் பிரிஸ்பேனில் வளர்ந்த பியர்ஸ் லேன். பின்னாளில் அடிலெய்டு சிம்பனியுடன் அவரே, மெல்போர்னில் பிறந்த ஆல்ஃபிரட் ஹில், சிட்னியில் பிறந்த ஜார்ஜ் பாயில் இருவரின் கன்செர்ட்டோக்களையும் மீட்டார். பெரிய தொண்டு அது. ஆனாலும் தட்டு மேடையாகாது. நம் கர்நாடக சங்கீதத்தையே பாருங்கள்: 1904இல் எட்டயபுரத்தில் அச்சான ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் தீட்சிதர் கீர்த்தனைகள் ஸ்வரத்தோடு இருந்தும், ஒரு வித்வான் பாடம் பண்ணிக் கச்சேரியில் பாடியபோதுதானே அவை நம் காதுக்கு வந்தன? அதற்கு ஒரு குரலும் தம்பூராவும் போதும். கன்செர்ட்டோவுக்கோ அறுபது எழுபது பேர் வேண்டும். யாராவது கேட்டால்தான் அது நடக்கும்.

சிட்னியிலோ மெல்போர்னிலோ இசைக்குழுவுக்குச் சந்தா கட்டுபவர் நீங்களானால், அடுத்த முறை புதுப்பிக்கும்போது ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: மிரியம் ஹைடின் இரண்டாவது கன்செர்ட்டோவை அரங்கில் கேட்க வேண்டும் என்று.