சோம்பல் என்றோம்

"மட்டக்களப்புக்குப் போனவரைப் பாயோடு ஒட்ட வைத்து விடுவார்கள்" என்று பிற ஊரார் சொல்வதுண்டு. எமது மந்திர தந்திரங்களுக்குக் கிடைத்த புகழ் அது. செங்கலடியிற் பிறந்து வளர்ந்த நாமும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். ஆனால், மந்திர நம்பிக்கையும் எமது அறியாமையும் சேர்ந்து ஒரு மாணவனுக்குச் செய்த தீங்கை எண்ணும்போது இப்போது சிரிப்பு வருவதில்லை.

15 வருடங்களுக்கு முன் உயர்தர வகுப்பில் எம்மிடம் படித்தவன் அவன். கணக்கில் வல்லவன். 18 வயதில் மெல்ல மெல்ல மாறினான். இரவில் உறங்கான், நண்பரோடு பேசான், பயிற்சிக் கொப்பியை வெறுமையாகவே நீட்டுவான். "சோம்பேறி" என்று வகுப்பார் முன்னிலையில் ஏசினோம். மறுநாள் முதல் அவன் வரவில்லை. செய்வினை என்றெண்ணிய தாயார் பரிகாரியிடம் கொண்டு சென்றார். நூல் கட்டினார்கள், கழிப்புக் கழித்தார்கள். காதிலே குரல்கள் கேட்கின்றன என்று அவன் சொன்னபோது, பேய் பேசுகிறது என்று முடிவு கட்டினார்கள். இரண்டு வருடங்கள் வீணே கழிந்த பின்னரே மனநோய் வைத்தியரைக் கண்டார்கள். உளச்சிதைவு நோய் என்றார் அவர்.

அதன் பின்பே நாம் இந்நோயைப் பற்றி வாசிக்கத் தலைப்பட்டோம். நன்றாக இருந்த பிள்ளைக்கு ஏன் இந்த வயதில் வந்தது என்பதே எமது கேள்வி. அதற்கு விடை தேடுவதை வாழ்நாட் பணியாகக் கொண்ட ஒருவரை அறிந்தோம். பெங்களூர் தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தில் பயின்று, பின் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்து, ஹார்வர்டில் பேராசிரியராக விளங்கும் டாக்டர் மட்சேரி கேசவன் அவர்.

பைன்பெர்க் என்ற அறிஞர் 1982-ல் வெளியிட்ட கருத்தொன்றை, 1994-ல் கேசவன் துணைவர் இருவருடன் மீண்டும் ஆராய்ந்தார். குழந்தைப் பருவத்தில் மூளையின் நரம்பணுக்களிடையே தேவைக்கு மிஞ்சிய இணைப்புகள் உண்டாகின்றன. பருவ வயதில் மூளை தானே அவற்றுட் பலவற்றைக் களைகிறது. நெருங்கி முளைத்த கீரைப் பாத்தியிற் சிலவற்றைப் பிடுங்கினாலன்றோ மற்றவை செழிக்கும்? பிடுங்கும் கை அளவு மீறினாலோ பாத்தியே பாழ். மூளையின் முன்புறத்தில் நிகழும் இத்தகைய மிகைக் களைதலே நோய்க்குக் காரணமாகலாம் என்பது அக்கருத்து. 2016-ல் ஏறத்தாழ 65,000 பேரின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்தோர், சீ-4 என்னும் மரபணுவின் சில வகைகள் நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவதைக் கண்டனர். எலிகளின் மூளையில் அம்மரபணு களைதலுக்குத் துணை நிற்பதும் தெரிந்தது. கருத்து முற்றாக நிறுவப்படவில்லை, ஆயினும் வலுப்பெற்றது.

ஓமோன்களுக்கும் இதிற் பங்குண்டு. பெண்களிற் சிலருக்கு மாதவிலக்கு நிற்கும் காலத்தையொட்டி இந்நோய் தோன்றுகிறது. அவுஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகப் பேராசிரியை ஜயசிறீ குல்கர்ணி, நோயுற்ற 102 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவை 2008-ல் வெளியிட்டார். வழக்கமான மருந்தோடு ஈஸ்திரஜன் ஒட்டும் 28 நாட்கள் பெற்றோருக்கு, வெறும் ஒட்டுப் பெற்றோரைவிட நோய்க்குறிகள் அதிகம் தணிந்தன.

இவற்றையெல்லாம் வாசித்தபோது எமக்குப் பட்டது ஒன்றே: அவன் வெறுங்கொப்பியை நீட்டியது சோம்பலால் அன்று, எவருடைய சூனியத்தாலும் அன்று, தாயாரின் வளர்ப்பாலும் அன்று.

இன்று அவன் தவறாது மருந்துண்டு, தமையனின் கடையிற் கணக்கெழுதுகிறான். சென்ற மாதம் செங்கலடிச் சந்தியிற் கண்டோம். அன்று ஏசியதற்கு மன்னிப்புக் கேட்டோம்.

"எனக்கு வருத்தம் எண்டு அப்ப உங்களுக்குத் தெரியாதுதானே, சேர்" என்றான்.

அவனுக்குப் பெரிய மனது. ஆனால், தெரிந்து கொள்ள வேண்டியது எமது கடமையாக இருந்தது. உறக்கங்கெட்டு, ஒதுங்கி, படிப்பில் திடீரெனப் பின்தங்கும் பிள்ளையைக் கண்டால், பெற்றோரே, ஆசிரியரே, ஏசுமுன் கேளுங்கள். நூல் கட்டுவதானாலும் கட்டுங்கள். அன்றே வைத்தியரிடமும் செல்லுங்கள். சிகிச்சை பிந்தப் பிந்தக் குணமும் பிந்தும்.