நான் தப்பாகச் சொன்ன பதில்

1984-ஆம் வருஷம். காஞ்சிபுரத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், நட்சத்திரத்தோட அகலத்தை அளக்க முடியுமா?" என்று கேட்டான்.

"அது வெறும் புள்ளி. வர்ற வெளிச்சமே கொஞ்சம். அதுல என்னத்தை அளக்கறது? உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அடுத்த வருஷம் அவன் தறியில் உட்கார்ந்துவிட்டான். வீட்டு நிலைமைதான் காரணம். ஆனாலும் அந்தச் சிரிப்பு என் மனதை விட்டுப் போகவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஹான்பரி பிரவுன் என்பவரைப் பற்றிப் படித்தேன். 1916-ல் நம் நீலகிரி அருவங்காட்டில் பிறந்தவர். 1956-லேயே இங்கிலாந்தில், ராணுவத்தின் இரண்டு பழைய சர்ச்லைட் கண்ணாடிகளை வைத்து, ட்விஸ் என்பவரோடு சேர்ந்து சிரியஸ் நட்சத்திரத்தின் அகலத்தை அளந்து சொல்லிவிட்டார். மும்பையில் இருக்கும் பத்து ரூபாய் நாணயம் காஞ்சியிலிருந்து எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவு!

இரண்டு கண்ணாடிகளும் ஒரே நட்சத்திரத்தைப் பார்க்கும். அந்த ஒளியில் கண்ணுக்குத் தெரியாத வேகமான ஏற்ற இறக்கம் உண்டு. கண்ணாடிகள் அருகருகே இருந்தால் இரண்டிலும் அது ஒத்துப்போகும். தள்ளி வைக்க வைக்க ஒற்றுமை குறையும். எவ்வளவு தூரத்தில் எப்படிக் குறைகிறது என்பதிலிருந்து அகலம் கிடைத்துவிடும்.

வெளிச்சம் கொஞ்சமாக இருந்தால் கருவியின் இரைச்சலே மிஞ்சி நிற்கும். ஆனால் இரண்டு கருவிகளின் இரைச்சலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. மணிக்கணக்கில், பல இரவுகள் கூட்டிப் பார்த்தால் இரைச்சல் கரைந்து, ஒத்துப்போவது மட்டும் தேறும். பின்னாளில் ஆஸ்திரேலியாவின் நாராப்ரையில், 188 மீட்டர் அகல வட்டத் தண்டவாளத்தில் 6.5 மீட்டர் கண்ணாடிகளை ஓடவிட்டு 32 நட்சத்திரங்களை அளந்தார். முதலில் பல இயற்பியல் அறிஞர்களே இது நடக்காது என்றார்களாம்.

போன மாதம் பிள்ளையார்பாளையம் போனேன். அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. கோர்வைப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மகன் கரைக்கு நாடா எறிந்துகொண்டிருந்தான். தறியை நிறுத்திவிட்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டான்.

"அப்போ நான் கேட்டது தப்பில்லையே சார்?"

"இல்லப்பா. என் பதில்தான் தப்பு" என்றேன்.

மகனைக் கூப்பிட்டு, "சார் சொல்றதை நீயும் கேளுடா" என்றான். முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.