பாவூர்சத்திரமும் மூணு கலர் ஒயரும்

குற்றால சீசனில் குளிக்கப் போனவன், ஒன்றரை நாள் டிவிக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு கிடந்த கதை இது. சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய பெட்டி இருக்கும்.

பொதிகை எக்ஸ்பிரஸ் காலையில் தென்காசியில் இறக்கிவிட்டது. திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினால் சுமார் பத்து கிலோமீட்டரில் பாவூர்சத்திரம். என் சொந்த ஊர். 2019-ல் தென்காசி தனி மாவட்டமான பிறகும் என் வாயில் 'திருநெல்வேலி ஜில்லா' என்றுதான் வருகிறது. மேற்கே மலை மேகத்துக்குள் தலையை இழுத்துக்கொண்டிருந்தது. குற்றாலத்துச் சாரல் எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் முக்கால்வாசி காற்றாகிவிடும். காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம். குடைக்குத்தான் திண்டாட்டம்.

வீட்டில் அம்மா, தம்பி மனைவி, தம்பி மகன். தம்பி துபாயில். அவனும் நானும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. (ஒரு தென்னந்தோப்பு, ஒரு வரப்பு. மீதியை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.)

பையைக் கீழே வைக்கவில்லை. "பெரியப்பா, இதுல படம் வரமாட்டேங்கு" என்று பயல் ஒரு கறுப்புப் பெட்டியை நீட்டினான். பிளேஸ்டேஷன் 2! நானும் தம்பியும் 2007-ல் ஆளுக்குப் பாதி பணம் போட்டு வாங்கியது. கூடவே 8 எம்பி மெமரி கார்டு. அதில் நாங்கள் ஆடிய 'கிரிக்கெட் 07' தொடர் ஒன்று பாதியில் நிற்கிறது. தம்பி வேலைக்குக் கிளம்பிப் போனதால் நின்றது.

"அப்பா ஆடுனது இதுக்குள்ள இருக்காமே?" என்றான் பயல்.

இனிமேல் எந்த அருவிக்குப் போவது?

பெட்டியோடு இருந்தது மூணு கலர் ஒயர். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. புது எல்இடி டிவியிலோ தட்டையான எச்டிஎம்ஐ ஓட்டைகள் மட்டும் கண்ணில் பட்டன. மார்க்கெட் பக்கம் நடந்தேன். காய்கறி மூட்டைகளுக்கும் லாரிகளுக்கும் நடுவே நெளிந்து புகுந்து ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் விஷயத்தைச் சொல்லி, ஒரு குட்டி டப்பா வாங்கி வந்தேன். அதில் எச்டிஎம்ஐ என்றும் இருந்தது, ஏவி என்றும் இருந்தது. வேறென்ன வேண்டும்?

மாட்டினால் கும்மிருட்டு.

அப்புறம்தான் டப்பாவின் மேல் எழுதியிருந்ததை வரிசையாகப் படித்தேன். 'எச்டிஎம்ஐ டு ஏவி'. புதுப் பெட்டியைப் பழைய டிவியில் மாட்டுவதற்கானது! எனக்கு வேண்டியது 'ஏவி டு எச்டிஎம்ஐ'. எங்கள் ஊர் லாரி மாதிரிதான் இதுவும். லோடு செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குப் போகும். வண்டியைத் திருப்பி நிறுத்தினால் கேரளத்து லோடு தானாக ஏறிக்கொள்ளாது.

திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் நல்ல மனுஷர். "அது ஸ்டாக் இல்ல அண்ணாச்சி. மொதல்ல வீட்டுக்குப் போயி டிவி முதுக நல்லாப் பாத்துட்டு வாங்க. ஒயரு பொறவு வாங்கலாம்."

கண்ணாடிப் பெட்டியில் தங்க முலாம் பூசிய எச்டிஎம்ஐ ஒயர் ஒன்று மினுமினுத்தது. நண்பர்களே, அதில் மயங்க வேண்டாம். எச்டிஎம்ஐ-யில் போவது டிஜிட்டல் சமாச்சாரம். ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துக்கு சாதா ஒயரும் ஒழுங்காக வேலை செய்தால் தங்க ஒயர் காட்டும் அதே படம்தான். மிச்சக் காசுக்குப் புரோட்டா சாப்பிடலாம்.

டார்ச் அடித்து டிவியின் முதுகை ஆராய்ந்ததில், பயல்தான் கண்டுபிடித்தான். ஹெட்போன் குத்துகிற மாதிரி ஒரு உருண்டை ஓட்டை. பக்கத்தில் பொடி எழுத்தில் 'ஏவி இன்'. அதற்கு டிவியோடு வந்த குட்டி ஒயர் எங்கேயோ தொலைந்திருந்தது. மறுபடி நடை. மறுபடி மூட்டை, லாரி. ஒரு முனையில் குச்சி, மறுமுனையில் மூணு கலர் ஓட்டை உள்ள ஒயர் கிடைத்தது.

மஞ்சளை மஞ்சளில் குத்தினேன். படம் இல்லை. டிவி மட்டும் 'கொர்ர்ர்' என்றது. அம்மா அடுப்படியிலிருந்து, "வெடிச்சிரப் போகுதுலே!" என்றாள்.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். அந்தக் குச்சியில் நாலு வளையம் உண்டு. எந்த வளையத்தில் படம், எதில் சத்தம் என்பதைக் கம்பெனிக்குக் கம்பெனி ஒவ்வொரு விதமாக வைத்திருக்கிறார்கள். குச்சியைப் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். கொர்ர் என்ற சத்தமே படம்தான்! படம் போய் ஸ்பீக்கரில் ஏறியிருக்கிறது.

விடிந்ததும் மஞ்சளைப் பிடுங்கி சிவப்பு ஓட்டையிலும், சிவப்பை மஞ்சளிலும் குத்தினேன். வந்தது படம்!

சுமாரான படம்தான். வெளிச்சமும் கலரும் ஒரே மஞ்சள் ஒயரில் நெருக்கியடித்து வருவதால் ஓரமெல்லாம் கசியும். பச்சை, நீலம், சிவப்பு என்று படத்துக்கே மூணு ஒயர் உள்ள 'காம்பொனென்ட்' இருந்தால் இன்னும் சுத்தமாக இருக்கும். ஆனால் அதை ஏற்கும் வசதி டிவியில் இருக்க வேண்டும். பெட்டியின் செட்டிங்கிலும் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். பேட்ஸ்மேன்கள் வேறு ஒரு சுற்றுப் பெருத்திருந்தார்கள். டிவியில் 4:3 என்று மாற்றியதும் இளைத்தார்கள்.

மெமரி கார்டு திறந்தது. தொடர் 2-2. ஐந்தாவது டெஸ்ட் பாக்கி.

பயல் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டான். எனக்குத் தெரியாது. சற்று நேரத்தில் தம்பி மனைவியின் போனிலிருந்து அந்தக் குரல் வந்தது. "ஏலே, அஞ்சாவது டெஸ்ட அண்ணன் தனியா ஆடிராமப் பாத்துக்கோ. டிசம்பர்ல நான் வாரேன்."

பயல் என்னைப் பார்த்தான். நான் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, டவலைத் தேடினேன். குற்றாலம் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.