ஒரு கை எள்

சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடி ஹோட்டலுக்கு மகள் என்னைச் சாப்பிடக் கூட்டிப்போனாள். மத்தியதரைக் கடல் உணவு, முழுக்கச் சைவம் என்றாள். இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கும் என்று எனக்குச் சந்தேகம். அந்தக் கடலைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் கவாஃபியும் காம்யுவும் படித்த வழியில் வந்தது. வெயிலும் உப்பும் நினைவிருக்கின்றன. சாப்பாடு நினைவில் இல்லை.

மெனுவில் ஷக்ஷுகா என்று ஒன்று இருந்தது. தக்காளிக் குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றி வேகவைப்பது. வட ஆப்பிரிக்கக் கரையில் பிறந்த பண்டம். இங்கே முட்டைக்குப் பதில் பனீர். முட்டை கிடையாதா என்று கேட்டேன். "ப்யூர் வெஜ் சார்" என்றான் பையன், சற்றுப் புண்பட்டவனாக. தினமும் கோடிக்கணக்கில் முட்டையை லாரி ஏற்றி அனுப்பும் நாமக்கல் இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். 1997 வரை அதுவும் சேலம் ஜில்லா.

அந்தக் கடலோரத்தில் சைவத்தைக் கொள்கையாக வைத்திருந்தவர்கள் பித்தாகரஸின் வழியில் போன சிலர். 'வெஜிடேரியன்' என்ற சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவும்வரை, மாமிசம் தவிர்த்தவர்களை ஐரோப்பாவில் அவர் பெயரால்தான் குறிப்பிட்டார்கள். மற்றவர்களுக்கு அது நோன்பு, அல்லது இல்லாமை. கிரீட் தீவின் குடியானவன் பருப்பும் கீரையும் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயுமாக உயிர் வாழ்ந்தான். ஆன்ஸல் கீஸ் என்ற அமெரிக்கர் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகளின் ஆய்வில் அவனுடைய இருதயம் நன்றாக இருப்பது தெரியவந்தது. 2010இல் யுனெஸ்கோ அந்தச் சாப்பாட்டு முறையை மனிதகுலத்தின் பண்பாட்டுச் சொத்துகளில் ஒன்றாகச் சேர்த்தது.

எங்கள் வீட்டிலும் வருஷத்தில் முந்நூற்றைம்பது நாள் மாமிசம் கிடையாது. கம்பங்களி, கடைந்த கொள்ளு, கீரை. அதைச் சைவம் என்று யாரும் சொன்னதில்லை. களி என்றுதான் சொன்னோம். மாரியம்மன் பண்டிகைக்கு ஆடு வெட்டினால் அதைப் பற்றி ஒரு மாதம் பேசுவோம். வழியில்லாதவன் தின்றது வசதியுள்ளவனின் மெனுவில் ஏறச் சில தலைமுறைகள் ஆகும்போல் இருக்கிறது.

ஹும்மஸ் வந்தது. அகலத் தட்டில் வெளிறிய விழுது, நடுவில் குழித்து எண்ணெய். மகள் ரொட்டியைக் கிழித்துத் தோய்த்துக் கொடுத்தாள். கொண்டைக்கடலை தெரிந்தது, எலுமிச்சை, பூண்டு. அடியில் இன்னொன்று இருந்தது. நாக்கு அதை அறிந்திருந்தது, பெயர்தான் வரவில்லை. லேசான கசப்பு, மேலண்ணத்தில் ஒட்டும் பசை.

"என்னம்மா இது?"

"தஹினிப்பா. எள்ளை அரைச்சுப் போடறது."

என் அப்பா செக்கு வைத்திருந்தவர். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில் எங்கள் ஊர். கல்செக்கு, ஒற்றை மாடு. எள் நசுங்கிக் கசிய ஆரம்பிக்கும் நேரம் பார்த்துக் கருப்பட்டியைத் தட்டிப் போடுவார். அது விழுந்தால்தான் பிண்ணாக்கு இறுகி எண்ணெய் பிரியும். பத்து நிமிஷம் முந்தினாலும் பிந்தினாலும் கெட்டது. அவருடைய வித்தை முழுவதும் அந்தப் பிரிப்பில்தான் இருந்தது. எண்ணெய் கடைக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு. கருப்பட்டி ஏறிய ஒரு துண்டு எனக்கும் தம்பிக்கும். இந்தத் தட்டில் இருந்ததில் எதுவும் பிரிக்கப்படவில்லை. தோல் நீக்கி, லேசாக வறுத்து, எண்ணெயும் பிண்ணாக்கும் ஒன்றாகவே இருக்கும்படி அரைத்த எள். நான் தேடிக்கொண்டிருந்த ருசி அந்தப் பிண்ணாக்குத் துண்டினுடையது.

எண்ணெய் என்பதே எள்ளின் நெய்தான். தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் பெயரில் எள்ளைச் சுமந்துகொண்டிருக்கின்றன. கிரேக்கர்களுக்கு ஆலிவின் பெயர் எண்ணெயின் பெயராயிற்று. அது லத்தீன் வழியாக ஆங்கிலத்தின் 'ஆயில்' வரை வந்தது. இரண்டு நிலங்கள், தத்தமது விதையாலும் கனியாலும் எல்லா எண்ணெய்க்கும் பெயர் வைத்துக்கொண்டன. எள் முதலில் பயிரானது இந்தத் துணைக்கண்டத்தில் என்பதை இன்று பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். ஹரப்பாவில் கருகிய எள் கிடைத்திருக்கிறது. மைசீனியின் களிமண் ஏடுகளில், மூவாயிரத்துச் சொச்சம் வருஷங்களுக்கு முன், 'ஸஸமா' என்று அது பதிவாகியிருக்கிறது. ஊரைவிட்டுப் போனது வேறு பெயரோடு என் தட்டுக்குத் திரும்பியிருந்தது. மேலே ஆலிவ் எண்ணெய், கீழே எள்.

அப்பா 1983இல் போனார். அஸ்தி கரைக்கப் பவானி கூடுதுறைக்குப் போனோம். மூத்தவன் நான், எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டியவன். மாட்டேன் என்று சொன்னேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, செத்தவர்களுக்குத் தாகம் கிடையாது என்றேன். தம்பி செய்தான். வீடு திரும்பிய பிறகு அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "எள்ளுல பொழச்ச மனுசனுக்கு ஒரு கை எள்ளு எறைக்க ஒனக்குக் கை வரலியா கண்ணு?" பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

கொள்கைக்காக மறுத்தேன் என்றே நாற்பது வருஷமாகச் சொல்லிவந்திருக்கிறேன். கொள்கையும் இருந்தது. ஆனால் படித்துறையில் என்னோடு வந்த இரண்டு நண்பர்கள் நின்றிருந்தார்கள். ஒன்றாகப் புத்தகங்கள் படித்தவர்கள். அவர்கள் பார்க்கிறார்கள் என்பது என் முதுகுக்குத் தெரிந்திருந்தது. சடங்கில் எனக்கு இன்றும் நம்பிக்கை இல்லை. அம்மா கேட்டது சடங்கைப் பற்றி அல்ல என்பது அன்று எட்டவில்லை. அவள் அவருடைய தொழிலைப் பற்றிக் கேட்டாள்.

"தாத்தா இதைச் சாப்பிட்டிருப்பாராப்பா?" என்றாள் மகள்.

"ஒத்துக்க மாட்டார்மா. எண்ணெய் எடுக்காம எள்ளை அரைக்கறது வீண்ம்பார்."

அவள் சிரித்தாள். தட்டை ரொட்டியால் வழித்துத் தின்றேன். இதைப் பிராயச்சித்தம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பசி இருந்தது, பண்டமும் நன்றாக இருந்தது. படி இறங்கும்போது பவானியில் நடந்ததை அவளுக்குச் சொன்னேன். முதல் தடவை. நண்பர்கள் நின்றதையும் சேர்த்துச் சொன்னேன்.

"அப்ப சித்தப்பாவா செஞ்சாரு?" என்று மட்டும் கேட்டாள்.

ஆமாம் என்றேன்.