மணக்குடி: ஊர் ரெண்டு, பாலம் ஒண்ணு!

கன்னியாகுமரி டூர்னா வள்ளுவர் சிலையோட ஒரு போட்டோ, அப்புறம் பஸ் ஏறிடுறதா? கொஞ்சம் மேற்கே மணக்குடிக்கு வாங்க பாஸ்! பழையாறு கடலில் கலக்கும் ஊர். ஆத்துக்கு இந்தப் பக்கம் கீழ மணக்குடி, அந்தப் பக்கம் மேல மணக்குடி. நடுவுல பாலம்.

முன்னால இருந்த பாலத்தை 2004 டிசம்பர் 26 சுனாமி பிய்ச்சுப் போட்டுடுச்சு. சிவில் மக்களே, கவனிங்க! கான்கிரீட் தளங்கள் தூண்கள் மேல சும்மாதான் உட்கார்ந்திருந்தன. தூணோடு சேர்த்துப் பூட்டவே இல்லை. கீழிருந்து தண்ணி தூக்கினதும் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. கூப்பிடு தூரத்துல சொந்தக்காரங்க, போகத்தான் வழியில்லை.

இப்போ இருக்கிற புதுப் பாலத்துக்கு, காமராஜர் அமைச்சரவையில் இருந்த லூர்தம்மாள் சைமன் பேரு. சாயங்காலம் அதுல நின்னா ஒரு பக்கம் அலையாத்திக் காடு, மறுபக்கம் கடல். காத்துல மீன் வாசனை தூக்கும்!